‘பை ஹூம் வாஸ்’ என்பதில் பிழை எங்கே இருக்கிறது?

நீங்கள் கேட்டதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று சொல்லிவிடுகிறேன். அலுவலக மின்னஞ்சலில் ‘ஐ டோன்ட் நோ பை ஹூம் வாஸ் திஸ் ரிப்போர்ட் ப்ரிபேர்ட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மேலதிகாரி அதை ‘ஐ டோன்ட் நோ ஹூ திஸ் ரிப்போர்ட் வாஸ் ப்ரிபேர்ட் பை’ என்று திருத்தினார். வாக்கியத்தை ப்ரிபொசிஷனில், அதாவது ‘பை’, ‘டு’, ‘ஃபார்’ போன்ற சிறு சொல்லில், முடிக்கவே கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததால், அந்தத் திருத்தமே தவறோ என்பது உங்கள் சந்தேகம். திருத்தம் சரிதான். ஆனால் உங்கள் வாக்கியத்தில் பிழை இருப்பது ‘பை’யில் அல்ல, ‘வாஸ்’ஸில். ‘ஐ டோன்ட் நோ பை ஹூம் திஸ் ரிப்போர்ட் வாஸ் ப்ரிபேர்ட்’ என்று எழுதியிருந்தால் இலக்கணத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. வினையின் வரிசை, ப்ரிபொசிஷனின் இடம் என்று இரண்டு தனித்தனி விஷயங்கள் இதில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. முதலாவது கண்டிப்பான விதி. இரண்டாவது பெரும்பாலும் நடையைப் பொறுத்தது.

வரிசையை முதலில் பார்ப்போம். நேராகக் கேள்வி கேட்கும்போதுதான் ஆங்கிலத்தில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வரும்: ‘பை ஹூம் வாஸ் திஸ் ரிப்போர்ட் ப்ரிபேர்ட்?’ அதே செய்தி ‘நோ’, ‘ரிமெம்பர்’, ‘ஃபைண்ட் அவுட்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’ போன்ற அறிதல் வினைகளுக்குப் பின்னால் வந்துவிட்டால் அது கேள்வி இல்லை. அந்த வினையின் செயப்படுபொருளாக நிற்கும் ஒரு துணை வாக்கியம், அவ்வளவுதான். அதனால் எழுவாய் முதலில், துணைவினை பிறகு என்ற சாதாரண வரிசைக்கே அது திரும்பிவிட வேண்டும். நம் பிள்ளைகள் இங்கே வழுக்குவதற்குக் காரணமும் தெரிந்ததே. பள்ளியில் வாய்ஸ் மாற்றும் (செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கும்) பயிற்சியில் ‘ஹூ ரோட் திஸ் லெட்டர்?’ என்பதற்கு ‘பை ஹூம் வாஸ் திஸ் லெட்டர் ரிட்டன்?’ என்று எழுதி எழுதி, ‘பை ஹூம் வாஸ்’ மூன்றும் ஒரே சொல் மாதிரி மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதற்கு முன்னால் ‘ஐ டோன்ட் நோ’வைச் சேர்க்கும்போது மூன்றும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. தனிக் கேள்வியாக அந்தப் பயிற்சி விடை சரி. துணை வாக்கியத்தில் ‘வாஸ்’ பின்னால் போயாக வேண்டும்.

வாக்கியம் கட்டுவதற்கு ஒரு வழி சொல்கிறேன், எவ்வளவு சிக்கலான வாக்கியத்துக்கும் பொருந்தும். விடை தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஒரு சாதாரண வாக்கியம் எழுதுங்கள்: ‘திஸ் ரிப்போர்ட் வாஸ் ப்ரிபேர்ட் பை ரவி.’ ‘ரவி’யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ஹூ’ போடுங்கள். இப்போது ‘ஹூ’வை மட்டும் தூக்கி முன்னால் வையுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். ‘ஹூ திஸ் ரிப்போர்ட் வாஸ் ப்ரிபேர்ட் பை’ என்று வரும். இதற்கு முன்னால் ‘ஐ டோன்ட் நோ’வைச் சேர்த்தால் வேலை முடிந்தது. கடைசியில் ‘பை’ நிற்பது ஏன் என்பதும் இப்போது தெரிந்திருக்கும். அது எங்கும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பின்னால் இருந்த பெயர்தான் முன்னால் போயிற்று. நடை இன்னும் கொஞ்சம் சம்பிரதாயமாக இருக்க வேண்டும் என்றால் ‘பை’யையும் கூடவே முன்னால் கொண்டுபோகலாம். அப்போது ‘ஹூ’ கண்டிப்பாக ‘ஹூம்’ ஆக வேண்டும்.

வினை நீளும்போதும் இதே வழிதான். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதும் ஒரு வரியைப் பாருங்கள்: ‘டு யு நோ விச் அக்கவுன்ட் வில் தி அமவுன்ட் பி க்ரெடிடெட்?’ இதில் இரண்டு பிழைகள். ‘தி அமவுன்ட் வில் பி க்ரெடிடெட் டு திஸ் அக்கவுன்ட்’ என்பதிலிருந்து தொடங்கினால் இரண்டுமே தானாகச் சரியாகிவிடும்: ‘டு யு நோ விச் அக்கவுன்ட் தி அமவுன்ட் வில் பி க்ரெடிடெட் டு?’ ‘வில்’ தன் இடத்துக்குத் திரும்பிற்று, தொலைந்துபோன ‘டு’வும் கிடைத்தது. இங்கே கேள்விக்குறி வருவது ‘டு யு நோ’வுக்காக. ‘ஐ டோன்ட் நோ’ என்று தொடங்கினால் முற்றுப்புள்ளிதான்.

இந்தியர் பேசும் ஆங்கிலத்தில் ‘ஐ டோன்ட் நோ வாட் இஸ் இட் மேட் ஆஃப்’ என்ற தலைகீழ் வரிசை பரவலாகக் கேட்கும். அயர்லாந்து ஆங்கிலத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. பேச்சில் இதை யாரும் தப்பாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை. ஆனால் அலுவலகக் கடிதம், தேர்வு, ஆய்வுக் கட்டுரை என்று வந்தால் இது பிழையாகவே எண்ணப்படும். எழுத்தில் இதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

ஓர் இடத்தில் மட்டும் வரிசை மாறாததுபோலத் தோன்றும். கேள்விச் சொல்லே எழுவாயாக இருந்தால் நகர்த்த ஒன்றுமில்லை: ‘ஐ நோ ஹூ வாஸ் அரெஸ்டட்’, ‘வி நோ வாட் வாஸ் டிசைடட்.’ கைதானவரைப் பற்றிப் பேசுகிறோம், கைது செய்தவரைப் பற்றி அல்ல. எனவே இங்கே ‘பை’க்கு வேலையே இல்லை. ‘ஐ நோ பை ஹூம் வாஸ் அரெஸ்டட்’ என்று எழுதினால் யார் கைதானார் என்பதே வாக்கியத்தில் இல்லாமல் போகிறது.

அடுத்து, ப்ரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்ற விதி. இது ஆங்கிலத்தின் இயல்பிலிருந்து வந்த விதி அல்ல. 1672-இல் ஜான் ட்ரைடன் என்ற கவிஞர், தமக்கு முந்தைய தலைமுறை நாடகாசிரியர் பென் ஜான்சனின் ஒரு வரியை எடுத்துக் குறை சொன்னார். ‘தி பாடிஸ் தட் தோஸ் சோல்ஸ் வேர் ஃப்ரைட்டட் ஃப்ரம்’ என்பது அந்த வரி. கவனியுங்கள், அதுவும் செயப்பாட்டு வினையும் கடைசி ப்ரிபொசிஷனும் சேர்ந்த வரிதான். தம் எழுத்திலும் இந்தப் பழக்கம் இருப்பதைச் சமீபத்தில்தான் கவனித்ததாக ட்ரைடன் அங்கேயே ஒப்புக்கொண்டார். 1668-இல் வெளியிட்ட தம் நாடகக் கட்டுரையை 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது அப்படி முடிந்த வாக்கியங்களைத் தேடித் திருத்தினார். லத்தீனில் ப்ரிபொசிஷனைத் தன் பெயரிலிருந்து பிரித்துத் தனியே நிறுத்த முடியாது. லத்தீனை அளவுகோலாக வைத்துக்கொண்டவர்களுக்கு ஆங்கில வழக்கு குறையாகத் தெரிந்தது. ஆனால் ஆங்கிலத்தில் இந்த வழக்கு ட்ரைடனுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

1762-இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத்கூட இதைத் தடை செய்யவில்லை. பேச்சு நடைக்கும் எளிய எழுத்துக்கும் இது பொருந்தும், உயர்ந்த நடையில் ப்ரிபொசிஷனை முன்னால் வைப்பது அழகு என்றார். இந்த வழக்கத்தின் பக்கம் நம் மொழி மிகவும் சாய்ந்திருக்கிறது என்று அவர் எழுதிய தொடரே ‘டு’வில்தான் முடிகிறது. 1926-இல் ஃபௌலர் தம் ஆங்கில வழக்கு அகராதியில் இந்தத் தடையை மூடநம்பிக்கை என்றே எழுதினார். ஆகவே உங்கள் ஆசிரியர் சொன்னதை விதியாக எடுத்துக்கொள்ளாமல், மிக முறையான எழுத்துக்கான ஒரு நடைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வில் வாய்ஸ் பகுதிக்கு விடை எழுதும்போது மட்டும் உங்கள் பாடநூலின் மாதிரி விடை எப்படி இருக்கிறதோ அப்படியே ‘பை ஹூம்’ என்று எழுதுவது பாதுகாப்பு. அதுவும் சரியான ஆங்கிலம்தான்.

‘ஹூ’வா ‘ஹூம்’மா என்பதில் உறுதியானது ஒன்று, கருத்து வேறுபடுவது ஒன்று. ப்ரிபொசிஷனை உடனே தொடர்ந்தால் ‘ஹூம்’தான்: ‘பை ஹூம்’, ‘டு ஹூம்’. ‘பை ஹூ’ என்று தொடங்கும் துணை வாக்கியம் எழுத்தில் நிற்காது. ப்ரிபொசிஷன் கடைசியில் தங்கிவிட்டால் ‘ஹூ திஸ் ரிப்போர்ட் வாஸ் ப்ரிபேர்ட் பை’ என்பதே இயல்பு. அங்கேயும் ‘ஹூம்’ வேண்டும் என்பவர்கள் உண்டு, இலக்கணப்படி அது தவறும் அல்ல. ஆனால் கடைசியில் ‘பை’ வைத்து நடையைத் தளர்த்திவிட்டு, முன்னால் ‘ஹூம்’ வைத்து இறுக்குவதில் பொருத்தமில்லை. ‘ஹூ … பை’ அல்லது ‘பை ஹூம் …’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எல்லா ப்ரிபொசிஷனுக்கும் இந்த இரண்டு இடமும் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில, முன்னால் மட்டுமே நன்றாக நிற்கும். ‘வி டோன்ட் நோ டு வாட் எக்ஸ்டென்ட் தி பில்டிங் வாஸ் டேமேஜ்ட்’ என்பதில் ‘டு’வைக் கடைசிக்குத் தள்ளினால் ஆங்கிலம் பேசுபவர்கள் முகம் சுளிப்பார்கள். ‘அண்டர் வாட் சர்கம்ஸ்டன்சஸ்’, ‘இன் வாட் வே’, ‘சின்ஸ் வென்’ போன்றவையும் கிட்டத்தட்ட உறைந்த தொடர்கள், பிரிக்காதீர்கள். கேள்விப் பெயர் நீளமாக இருந்தாலும் முன்னால் வைப்பதே வாசிப்பவருக்கு உதவி. ‘கடந்த ஆண்டு நியமித்த மூன்று குழுக்களில் எதனால்’ என்ற அளவுக்கு நீண்ட தொடருக்குப் பிறகு வாக்கியம் முழுக்கப் போய்க் கடைசியில் ஒற்றை ‘பை’ வந்தால், அது எதனுடையது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வேறு சில, செயப்பாட்டு வினையில் முன்னால் போகவே முடியாது. ‘லுக் ஆஃப்டர்’, ‘டீல் வித்’, ‘லாஃப் அட்’, ‘டேக் கேர் ஆஃப்’ போன்றவற்றில் ப்ரிபொசிஷன் வினையோடு ஒட்டிப் பிறந்தது. செயப்பாட்டுக்கு மாற்றும்போது அதன் பெயர் எழுவாயாகிப் போய்விடும், ப்ரிபொசிஷன் வினையருகிலேயே தங்கும்: ‘ஷி வாஸ் லுக்டு ஆஃப்டர் பை ஹர் ஆன்ட்.’ இதில் ‘ஆன்ட்’ யாரென்று தெரியாவிட்டால் ‘ஐ டோன்ட் நோ ஹூ ஷி வாஸ் லுக்டு ஆஃப்டர் பை’ என்போம். கடைசியில் இரண்டு ப்ரிபொசிஷன் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்துப் பயந்து ஒன்றை வெட்டிவிடுகிறார்கள், வெட்டக் கூடாது. ‘ஆஃப்டர்’ வினையினுடையது, ‘பை’ கேள்விச் சொல்லினுடையது. கேள்விச் சொல்லினுடையது மட்டும்தான் நகரும்: ‘பை ஹூம் ஷி வாஸ் லுக்டு ஆஃப்டர்.’ இதே காரணத்தால்தான் ‘ஐ டோன்ட் நோ ஹவ் திஸ் கம்ப்ளெய்ன்ட் வாஸ் டீல்ட் வித்’ என்பதில் ‘வித்’ கட்டாயம். ‘ஹவ்’ என்பதற்கு ப்ரிபொசிஷன் தேவையில்லையே என்று அதை விட்டுவிட்டால், வினை பாதியில் அறுந்து நிற்கும்.

உண்மையில் தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் ப்ரிபொசிஷன் தவறான இடத்தில் நிற்பதைவிட, நிற்கவே இல்லாமல் போவதுதான் அதிகம். ‘டு யு நோ வாட் திஸ் இஸ் யூஸ்ட்?’, ‘ஐ நோ வாட் ஹீ வாஸ் அக்யூஸ்ட்’ என்று முடித்துவிடுவார்கள். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியே வரும். ‘எதற்குப் பயன்படுகிறது என்று தெரியுமா’ என்று சொல்லும்போது ‘கு’ உருபு ‘எது’வோடு சேர்ந்தே முன்னால் வந்துவிடுகிறது. வாக்கியக் கடைசியில் தனியாக நிற்க நமக்கு எதுவும் மிச்சமில்லை. அதனால் ஆங்கிலத்தில் கேள்விச் சொல்லை முன்னால் வைத்தவுடன் உருபும் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஓர் உணர்வு வந்துவிடுகிறது. மேலே சொன்ன வழி இதற்கும் மருந்து. ‘திஸ் இஸ் யூஸ்ட் ஃபார் கட்டிங் க்ளாஸ்’ என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிப் பார்த்தால் ‘ஃபார்’ கண்ணில் படும்: ‘டு யு நோ வாட் திஸ் இஸ் யூஸ்ட் ஃபார்?’ அந்த இன்னொரு வாக்கியம் ‘ஐ நோ வாட் ஹீ வாஸ் அக்யூஸ்ட் ஆஃப்.’ ‘அக்யூஸ்ட்’டுக்கு ‘ஆஃப்’, ஆனால் ஏறக்குறைய அதே பொருள் தரும் ‘சார்ஜ்ட்’டுக்கு ‘வித்’. இதற்குக் குறுக்கு வழி இல்லை. ஒவ்வொரு வினையையும் அதன் ப்ரிபொசிஷனோடு சேர்த்தே மனத்தில் வைக்க வேண்டும்.

எந்த ப்ரிபொசிஷன் என்ற இடத்தில் நம்மை அதிகம் ஏமாற்றுவது ‘ஆல்’ உருபு. காவலரால், கத்தியால், மரத்தால், மழையால், காய்ச்சலால் என்று செய்தவர், கருவி, பொருள், காரணம் எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே உருபு போதும். ஆங்கிலத்தில் இவை பிரிந்துபோகும். செய்தவருக்கும் இயற்கைச் சக்திக்கும் ‘பை’, ஒருவர் கையாளும் கருவிக்கு ‘வித்’, செய்பொருளுக்கு ‘ஆஃப்’ அல்லது ‘ஃப்ரம்’, நோயால் இறந்தால் பெரும்பாலும் ‘டைட் ஆஃப்’. எல்லாவற்றுக்கும் ‘பை’ போட்டால் பொருளே மாறும். தலையில் அடிபட்ட ஒருவரைப் பற்றி ‘தி போலீஸ் டோன்ட் நோ வாட் ஹீ வாஸ் ஹிட் வித்’ என்று எழுதினால், யாரோ ஒருவர் எதையோ எடுத்து அடித்திருக்கிறார், அந்த ஆயுதம் எது என்று தெரியவில்லை என்று பொருள். ‘வாட் ஹீ வாஸ் ஹிட் பை’ என்றால் மேலிருந்து விழுந்த பொருளாகவோ மோதிய வண்டியாகவோ இருக்கலாம், அடித்த கை ஒன்று இருந்தாக வேண்டும் என்பதில்லை. கடைசியில் நிற்கும் ஒரு சிறு சொல்லால், படிப்பவர் கொலை முயற்சியா விபத்தா என்று வேறு வேறாகப் புரிந்துகொள்வார்.

‘மேட்’ என்ற வினையிலும் இப்படித்தான். ‘மேட் பை’ செய்தவர், ‘மேட் இன்’ செய்த இடம், ‘மேட் வித்’ சேர்த்த பொருள்களில் ஒன்று. மேசை மரத்தால் ஆனது என்றால் ‘மேட் ஆஃப்’, காகிதம் மரத்திலிருந்து வந்தது என்றால் ‘மேட் ஃப்ரம்’. மூலப்பொருள் அடையாளம் தெரிய நின்றால் ‘ஆஃப்’, உருமாறிப் போயிருந்தால் ‘ஃப்ரம்’ என்று புத்தகங்களில் சொல்வது பொதுவான போக்குதான், மீறக் கூடாத விதி அல்ல; இரண்டையும் மாற்றிப் பயன்படுத்தும் நல்ல எழுத்தாளர்கள் உண்டு. எதனால் ஆனது என்றே தெரியாமல் கேட்கும்போது ‘ஐ டோன்ட் நோ வாட் இட் இஸ் மேட் ஆஃப்’ என்று ‘ஆஃப்’ போட்டால் போதும்.

இடத்தைக் கேட்கும் ‘வேர்’ ஒரு விதிவிலக்கு. ‘எங்கே அனுப்பப்பட்டது’ என்பதற்கு ‘வேர் இட் வாஸ் சென்ட்’ என்று விட்டுவிடலாம், ‘டு’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி. ‘எங்கிருந்து’ என்றால் ‘ஃப்ரம்’மை விட முடியாது: ‘டு யு நோ வேர் திஸ் வாஸ் ப்ராட் ஃப்ரம்?’ ‘இன் வேர்’, ‘அட் வேர்’ என்று முன்னால் சேர்ப்பது எழுத்தில் வேண்டாம்.

இனி அறிதலைச் சொல்லும் சொல்லுக்கே ஒரு ப்ரிபொசிஷன் இருந்தால் என்ன செய்வது? ‘நோ’ தன் துணை வாக்கியத்தை நேராகவே ஏற்கும். ஆனால் ‘அவேர்’ என்பதற்கு ‘ஆஃப்’ வேண்டும், ‘டிபெண்ட்’டுக்கு ‘ஆன்’ வேண்டும். அப்போது துணை வாக்கியத்தின் இரண்டு பக்கமும் ப்ரிபொசிஷன் வரும்: ‘ஹீ இஸ் அவேர் ஆஃப் வாட் ஹீ வாஸ் அக்யூஸ்ட் ஆஃப்.’ இரண்டு ‘ஆஃப்’ இருக்கிறதே என்று ஒன்றை எடுத்துவிடாதீர்கள். முதலாவது ‘அவேர்’ உடையது, இரண்டாவது ‘அக்யூஸ்ட்’ உடையது. ‘தட்’டில் தொடங்கும் துணை வாக்கியத்துக்கு முன்னால் மட்டும் ப்ரிபொசிஷன் நிற்காது. ‘அவேர் ஆஃப் தட் ஹீ வாஸ் ட்ரான்ஸ்ஃபர்ட்’ பிழை, ‘அவேர் தட் ஹீ வாஸ் ட்ரான்ஸ்ஃபர்ட்’ சரி. அதேபோல ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் ‘இஃப்’ வராது, ‘வெதர்’தான்: ‘இட் டிபெண்ட்ஸ் ஆன் வெதர் தி லோன் வாஸ் அப்ரூவ்ட்.’

இங்கே படித்தவர்களே தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ‘இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹூ சைன்ட் இட்’ என்று எழுதும்போது ‘ஆன்’ முன்னால் இருக்கிறதே, ‘ஹூம்’ வர வேண்டாமா என்று தோன்றும். வரக் கூடாது. ‘ஆன்’ ஆள்வது ‘ஹூ’வை அல்ல, ‘ஹூ சைன்ட் இட்’ என்ற முழுத் துணை வாக்கியத்தை. அதற்குள்ளே ‘ஹூ’ எழுவாய். இதையே செயப்பாட்டில் ‘இட் டிபெண்ட்ஸ் ஆன் ஹூ இட் வாஸ் சைன்ட் பை’ என்று எழுதினாலும் ‘ஹூ’ போதும். அங்கே ‘ஹூம்’ போட விரும்புபவர்களுக்கு நியாயம் தருவது கடைசியில் இருக்கும் ‘பை’தான், முன்னால் இருக்கும் ‘ஆன்’ அல்ல.

‘நோ’வே செயப்பாட்டுக்கு மாறும்போது அதற்கும் ப்ரிபொசிஷன் உண்டு. அறிந்தவரைச் சொல்ல ‘நோன் டு’ என்பதே பாதுகாப்பான வடிவம்: ‘தி ஃபேக்ட் வாஸ் நோன் டு எவ்ரிஒன்.’ இந்த இடத்தில் ‘பை’ எழுதுபவர்களும் இருக்கிறார்கள், அதைப் பிழை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெயரையோ அடையாளத்தையோ வைத்து அறிவதற்கு ‘நோன் பை’, வழங்கும் பெயருக்கு ‘நோன் ஆஸ்’, புகழுக்குக் காரணமானதற்கு ‘நோன் ஃபார்’. இவையும் துணை வாக்கியத்தில் கடைசிக்குப் போகும்: ‘டு யு நோ வாட் சென்னை வாஸ் நோன் ஆஸ் பிஃபோர் 1996?’, ‘எவ்ரி ஸ்டூடன்ட் நோஸ் வாட் ராமன் இஸ் நோன் ஃபார்.’ ‘ஹீ இஸ் நோன் டு ஹேவ் பீன் அரெஸ்டட் ட்வைஸ்’ என்பதில் வரும் ‘டு’ வேறு. அது ப்ரிபொசிஷன் இல்லை, வினையின் முன்னொட்டு. அவர் இரண்டு முறை கைதானார் என்பது தெரிந்த செய்தி என்று பொருள். அதற்குப் பின்னால் பெயர் வராது, வினைதான் வரும்.

காலத்தைப் பற்றி ஒரு வரி. ‘ஐ நோ’ என்றால் உள்ளே எந்தக் காலமும் வரலாம். ‘ஐ நியூ’ என்று இறந்தகாலத்துக்குப் போனால் உள்ளேயும் ‘வாஸ்’, ‘ஹேட் பீன்’ என்று பின்னோக்கி நகர்த்துவது வழக்கம். இன்றும் உண்மையாக இருக்கும் செய்தியை நிகழ்காலத்திலேயே விடுவதும் ஏற்கப்படுகிறது.

உங்கள் மின்னஞ்சலுக்கு வருகிறேன். தயாரித்தவர் யார் என்பது மட்டுமே விஷயம் என்றால் செயப்பாட்டு வினையே வேண்டாம். ‘ஐ டோன்ட் நோ ஹூ ப்ரிபேர்ட் திஸ் ரிப்போர்ட்’ என்று எழுதுங்கள். ஏழே சொல்லில் முடிகிறது, ‘பை’யும் இல்லை, ‘ஹூம்’மும் இல்லை. பேச்சுத் தமிழில் நாமும் ‘யாரால் தயாரிக்கப்பட்டது’ என்று சொல்வதில்லை, ‘யார் தயாரிச்சதுன்னு தெரியல’ என்றுதான் சொல்கிறோம். அறிக்கையைப் பற்றியே தொடர்ந்து பேசிவரும்போது, அதை எழுவாயாக வைத்திருக்க வேண்டிய தேவை இருந்தால் மட்டும் செயப்பாட்டுக்குப் போங்கள். உங்களை முன்னிறுத்தாமல் முறையாக எழுத வேண்டிய இடத்தில் ‘இட் இஸ் நாட் நோன் பை ஹூம் திஸ் ரிப்போர்ட் வாஸ் ப்ரிபேர்ட்’ என்பது பொருத்தமான வடிவம்.

அறிக்கை எப்போது தயாரானது என்று தெரியும், யாரால் என்று தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தால் வாக்கியத்தை முழுதாகத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ‘ஐ நோ வென் இட் வாஸ் ப்ரிபேர்ட், பட் ஐ டோன்ட் நோ ஹூ பை’ என்று பேச்சில் முடிக்கலாம். இப்படிச் சுருக்கும்போது ப்ரிபொசிஷன் கேள்விச் சொல்லுக்குப் பின்னால் வருவது முழுக்க இயல்பான ஆங்கிலம். ஆனால் ‘ஹூ’, ‘வாட்’, ‘வேர்’ போன்ற ஒற்றைச் சொல்லுக்குத்தான் இது செல்லும். ‘விச் டிபார்ட்மென்ட் பை’ என்று சொல்ல முடியாது, அங்கே ‘பை விச் டிபார்ட்மென்ட்’ என்றுதான் வர வேண்டும். மேலதிகாரிக்கு எழுதும்போது ‘ஹூ பை’க்குப் பதில் ‘பை ஹூம்’ என்று முடித்தால் நடையும் பொருந்தும்.